வாட்ஸ் கணக்கு: வீட்டில் அம்ப்ளிபயர் கட்டத் தொடங்குபவர்களுக்கு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ சவுண்ட் சாமான் விற்கும் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "இது எத்தனை வாட்ஸ்?" என்ற கேள்வி காதில் விழும். கேட்பவர் அதைச் சத்தத்தின் அளவென்று நினைத்துத்தான் கேட்கிறார். பதில் சொல்பவரும் அப்படியே சொல்கிறார். 50 வாட்ஸை விட 100 வாட்ஸ் இரண்டு மடங்கு சத்தம், 2500 என்றால் வீடே அதிரும் என்று ஒரு கணக்கு எல்லோர் மனதிலும் ஓடுகிறது. அந்தக் கணக்கு பிழை.

பழைய செட்டைத் திருத்துவதும், சின்ன போர்ட் ஒன்று வாங்கி அம்ப் கட்டுவதும் நம் பக்கத்துப் பெடியன்கள் பலருக்கு ஆசையான வேலை. சோல்டர் பிடிக்க நன்றாகவே வரும். ஆனால் முதல் அம்ப்போடு சலித்துப் போய்விடுகிறார்கள். "100 வாட்ஸ் போர்ட் என்றுதான் வாங்கினேன் அண்ணா, பத்து வாட்ஸ் சத்தம்கூட இல்லை. ஐசி டூப்ளிகேட்" என்பார்கள். சில நேரம் அப்படியும் இருக்கும். பெரும்பாலும் ஐசி, அதாவது போர்ட்டில் சிக்னலைக் கூட்டும் அந்தக் கறுப்புத் துண்டு, ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அதற்குக் கொடுத்த கரண்ட்டுக்கும் பூட்டிய ஸ்பீக்கருக்கும் அதற்கு மேல் வராது. ஏன் வராது என்பதைத்தான் இங்கே அடியிலிருந்து சொல்லப் போகிறேன்.

அம்ப்ளிபயர் செய்யும் வேலை

உன்னிச்சைக் குளத்தையோ சேனநாயக்க சமுத்திரத்தையோ நினைத்துக்கொள்ளுங்கள். கட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிறது. மதகுக் கதவை ஒருவர் திருகுகிறார். அவர் கைப்பலம் கொஞ்சம்தான். ஆனால் அந்தத் திருகலுக்கு ஏற்ப வாய்க்காலில் பாயும் தண்ணீர் ஏக்கர் கணக்கான வயலுக்குப் போகிறது. கதவு ஒரு சொட்டுத் தண்ணீரையும் உண்டாக்குவதில்லை, குளத்தில் கிடப்பதைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது.

அம்ப்ளிபயர்தான் அந்தக் கதவு. போனிலிருந்து வரும் மெல்லிய சிக்னல், கதவைத் திருகும் கை. ஸ்பீக்கர், வயல். குளமாக இருப்பது பவர் சப்ளை. அதாவது சுவர் பிளக்கின் 230 வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமரும், அதை நேர் மின்னாக்கும் டயோட்களும், தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களும் சேர்ந்தது.

போனின் சிக்னல்தான் பெருத்துப்போய் ஸ்பீக்கருக்குள் இறங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சிக்னல் ஸ்பீக்கர் பக்கம் போவதே இல்லை. ஸ்பீக்கரின் கோனை, அதாவது முன்னால் தெரியும் கூம்பை, தள்ளி இழுப்பது பவர் சப்ளையில் இருந்து வரும் கரண்ட். பாட்டின் வடிவத்துக்கு ஏற்ப அதை அளந்து விடுவதுதான் அம்ப்பின் வேலை. இதை மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். குளத்தில் இல்லாத தண்ணீர் வயலுக்கு வராது.

வாட்ஸ் எங்கிருந்து வருகிறது

நான்கு சொற்கள் தேவை. வோல்ட் என்பது மின்னைத் தள்ளும் அழுத்தம், குளத்து நீர்மட்டத்தின் உயரம் போல. அம்பியர் என்பது பாய்கிற அளவு. ஓம் என்பது அந்தப் பாய்ச்சலுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4, 6 அல்லது 8 ஓம், காந்தத்தின் பின்னால் அச்சடித்திருக்கும். வாட்ஸ் என்பது வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினால் வருவது, அதாவது ஒரு செக்கனில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்ற கணக்கு.

இப்போது ஒரு 12 வோல்ட் 3 அம்பியர் அடப்டரைக் கையில் எடுங்கள். 12ஐ 3ஆல் பெருக்கினால் 36 வாட்ஸ். இந்த அடப்டரில் ஓடும் எந்த அம்ப்பும் இரண்டு பக்க ஸ்பீக்கருக்கும் சேர்த்து 36 வாட்ஸைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. கொஞ்சம் சூடாகப் போய்விடும். மின்னை மிக வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும் கிளாஸ் டி அம்ப் என்றால் 30 அளவில் கிடைக்கும். பழைய வகை அம்ப் என்றால் அதைவிட நன்றாகக் குறையும்.

அம்பியரைவிட வோல்ட்தான் முதலில் கையைப் பிடிக்கும். ஸ்பீக்கருக்குப் போகும் உச்ச வோல்ட், சப்ளை வோல்ட்டைத் தாண்டாது. கணக்கு சுலபம்: உச்ச வோல்ட்டை அதே எண்ணால் பெருக்குங்கள், ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுங்கள். டிபிஏ 3116 போர்ட்டை எடுத்துக்கொள்வோம். மலிவான கிளாஸ் டி போர்ட்களில் அதிகம் காண்பது இந்த ஐசிதான். பெட்டியில் "50+50 வாட்ஸ்" என்றிருக்கும். பொய்யில்லை. ஆனால் அந்த 50, சப்ளை 21 வோல்ட்டாகவும் ஸ்பீக்கர் 4 ஓமாகவும் இருந்தால் வருவது. அதையே 12 வோல்ட்டில் ஓட்டி 8 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால் 12 தர 12 வகுத்தல் 16, வருவது 9 வாட்ஸ். போர்ட்டைத் திட்டிப் பலனில்லை.

ட்ரான்ஸ்போமர் வைத்துக் கட்டுபவர்களுக்கும் இதே கணக்குத்தான். 12-0-12 ட்ரான்ஸ்போமர், அதாவது நடு வயருக்கு இரண்டு பக்கமும் 12 வோல்ட் தருவது என்றால், உச்ச வோல்ட்டுக்கு 12ஐ 1.414ஆல் பெருக்க 17 வரும். டயோட்டில் ஒரு வோல்ட் போனால் மேலே 16, கீழே 16. டிடிஏ 2030 போன்ற ஐசி தன் வேலைக்கு இரண்டு மூன்று வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 13. 13 தர 13 வகுத்தல் 16 போட்டால் 8 ஓமில் சுமார் 10 வாட்ஸ். 4 ஓமில் அதன் இரண்டு மடங்கு, ஆனால் கரண்ட்டும் இரண்டு மடங்காகும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் பெரிதாக வேண்டும். 8 ஓமிலேயே 20 வாட்ஸ் வேண்டுமென்றால் 18-0-18 ட்ரான்ஸ்போமரும் எல்எம் 1875 ஐசியும் நல்ல சோடி.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ட்ரான்ஸ்போமரின் 230 வோல்ட் பக்கத்தைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். பியூஸ் இல்லாமல் கட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின் நிற்கும்.

இதுவரை பார்த்தது: ஸ்பீக்கருக்கு வாட்ஸ் கொடுப்பது பவர் சப்ளை. ஐசியின் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் எண், அது கேட்கும் வோல்ட்டையும் ஓமையும் கொடுத்தால் மட்டுமே வரும்.

அப்போ அந்த 2500?

இதை எழுதும்போது என் மேசையில் திருத்த வந்த 2.1 செட் (இரண்டு சின்ன ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும்) ஒன்று கிடக்கிறது. முன்பக்கத்தில் வெள்ளி நிற ஸ்டிக்கர், 2500 வாட்ஸ் பீஎம்பீஓ. திருப்பினால் பின்தகட்டில், பவர் வயர் நுழையும் இடத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 40 வாட்ஸ். சுவரிலிருந்து 40 எடுக்கும் செட் ஸ்பீக்கருக்கு 2500 கொடுப்பதாக ஸ்டிக்கர் சொல்கிறது.

பீஎம்பீஓ என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுமுறை எதுவும் இல்லை. கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான ஒரு கணத்தில் என்ன வரலாம் என்று தயாரிப்பாளர் தனக்கு வசதியாகப் போட்டுக்கொள்ளும் எண் அது. குளக்கட்டு உடைகிற கணத்தில் பாயும் தண்ணீரை அளந்து, வயலுக்கு ஒவ்வொரு போகமும் இவ்வளவு கிடைக்கும் என்று எழுதுவதற்குச் சமம். இந்த மாதிரிக் கூத்து புதிதுமல்ல. அமெரிக்காவில் அம்ப்ளிபயர் விளம்பரங்களில் வாட்ஸ் கண்டபடி ஏறிப்போனதால்தான் அங்கே 1974இல் அதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தார்கள்: எத்தனை ஓமில், எவ்வளவு பிசிறோடு, தொடர்ந்து எத்தனை வாட்ஸ் என்று சொல்ல வேண்டும் என்று.

நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண்ணை. சீரான ஒரு ஓசையைத் தொடர்ந்து கொடுக்கும்போது அம்ப் தாங்கும் வாட்ஸ் அது. ஆர்எம்எஸ் எங்கும் போடாவிட்டால் பின்தகட்டைப் பாருங்கள், அதில் போட்டிருப்பதில் பாதி முக்கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம். முன்பு செட்டைத் தூக்கிப் பார்த்தே சொல்வார்கள், ட்ரான்ஸ்போமர் பாரமாக இருந்தால் நல்ல செட் என்று. இப்போது பாரமில்லாத சுவிட்சிங் சப்ளைகளும் வந்துவிட்டதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

வாட்ஸ் வேறு, சத்தம் வேறு

இனித்தான் முக்கியமான இடம். ஸ்பீக்கருக்கு உண்மையாகவே 100 வாட்ஸ் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதில் மிகச் சிறிய பங்குதான் சத்தமாகிறது. வீட்டு ஸ்பீக்கர்களில் நூற்றில் ஒரு பங்குகூடச் சத்தமாவது அரிது, மீதி எல்லாம் கோனின் பின்னாலுள்ள கம்பிச் சுருளான வொய்ஸ் கொயிலில் சூடாகப் போகிறது. எந்த ஸ்பீக்கர் எவ்வளவைச் சத்தமாக்கும் என்பதைத்தான் சென்சிடிவிட்டி என்கிறார்கள். ஒரு வாட்ஸ் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் என்பது அது. டெசிபெல் சத்தத்தை அளக்கும் அலகு. வீட்டில் வைக்கும் சாதாரண பொக்ஸ்கள் 85 முதல் 90க்குள் இருக்கும்.

டெசிபெல்லின் நடை கொஞ்சம் வித்தியாசம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது போல" என்ற அளவு. கேட்பவருக்குச் சத்தம் இரண்டு மடங்கு போலத் தெரிய 10 டெசிபெல் வேண்டும், அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். 86 டெசிபெல் பொக்ஸ் ஒன்றுக்கு 1 வாட்ஸ் கொடுத்தால் 86. 10 கொடுத்தால் 96. 50 கொடுத்தால் 103. 100 கொடுத்தால் 106. ஐம்பதிலிருந்து நூறுக்குப் போக எவ்வளவு காசு செலவாகிறது, கிடைப்பது அந்த மூன்று. முதல் ஒரு வாட்ஸே 86 கொடுத்துவிட்டதையும் கவனியுங்கள். வேலைத்தலங்களில் 85 டெசிபெல்லை எட்டு மணித்தியாலத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பார்கள். வீட்டில் நாம் வைப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அதாவது வீட்டில் நாம் பாட்டுக் கேட்கும் நேரத்தில் பெரும்பகுதி ஒரு வாட்ஸுக்கும் குறைவிலேயே ஓடுகிறது.

இதற்கு நல்ல சாட்சி நம் கோயில் சடங்குகளிலேயே இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கண்ணகி அம்மன் சடங்குக்குத் தென்னையில் கட்டும் ஹோர்ன், வாவியைத் தாண்டிப் படுவான்கரையில் கேட்கும். அந்த ஹோர்னின் யூனிட்டில் போட்டிருப்பது 30 வாட்ஸ் போல ஒரு சின்ன எண்தான். ஆனால் ஹோர்னின் சென்சிடிவிட்டி 108 டெசிபெல் அளவில் இருக்கும். 30 வாட்ஸ் அதோடு 15 டெசிபெல்லைக் கூட்ட, ஒரு மீற்றரில் 123. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். அப்படியே ஒரு கிலோமீற்றர் போனால் 60 குறைந்து 63 மிஞ்சும். அது முன்னால் இருந்து ஒருவர் கதைக்கிற அளவு. இராவில் வாவிக்கு மேல் குளிர்ந்து நிற்கும் காற்று சத்தத்தை மேலே போகவிடாமல் கீழ்நோக்கி வளைப்பதால் இன்னும் தெளிவாகவே கேட்கும். அதே 30 வாட்ஸை 86 டெசிபெல் வீட்டுப் பொக்ஸுக்குக் கொடுத்தால் ஒரு கிலோமீற்றரில் 41தான் மிஞ்சும், காற்றிலும் தவளைச் சத்தத்திலும் அது காணாமல் போகும். அந்தப் பொக்ஸ் ஹோர்னுக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால் 4,700 வாட்ஸுக்கு மேல் வேண்டும்.

அப்படியென்றால் முன்ஹோலில் ஹோர்ன் மாட்டலாமா? கூடாது. அந்த ஹோர்ன் குரல் தூரத்துக்குப் போகச் செய்யப்பட்டது. மத்தளத்தின் தொப்பிப் பக்க அடி அதில் வராது, சல்லாரித் தாளத்தின் மினுக்கமும் ஒழுங்காக வராது. ஹை-ஃபை என்று நாம் தேடுவது பதிவில் இருப்பது இருப்பதுபோல வருவதை. தாழ்ந்த ஓசையையும் சேர்த்துச் சின்னப் பெட்டியில் எடுக்க வேண்டுமானால் சென்சிடிவிட்டியை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

சுருக்கமாக: வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல். 86 பொக்ஸை எடுத்துவிட்டு 92 பொக்ஸ் வைத்தால் 6 டெசிபெல், அது வாட்ஸை நான்கு மடங்காக்கியதற்குச் சமம்.

பிறகு எதற்குப் பெரிய அம்ப்?

ஒரு வாட்ஸ் போதுமென்றால் 20 வாட்ஸ் அம்ப் எதற்கு என்று நியாயமாகவே கேட்பீர்கள். பாட்டு ஒரே அளவில் ஓடுவதில்லை. சராசரி ஒரு வாட்ஸில் போகும்போது, மத்தளத்தில் ஓங்கி ஒரு அடி விழும் கணத்தில் அது பத்து மடங்கு, சில பதிவுகளில் அதற்கும் மேலே பாயும். அந்தக் கணத்துக்கு இடம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சப்ளை வோல்ட்டில் போய் முட்டி, ஒலி அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்பார்கள். காதில் அது கரகரப்பாக, குரல் கிழிவது போலக் கேட்கும்.

கிளிப்பிங் கேட்கச் சகிக்காதது மட்டுமில்லை, உயர்ந்த ஓசைக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரையும் எரிக்கும். தட்டையாகிய அலையில் பதிவில் இல்லாத உயர்ந்த ஓசைகள் புதிதாகச் சேர்கின்றன, அவை போய் விழுவது ட்வீட்டரில். அதோடு முழுக்கத் தட்டையாகிய அலை அதே உச்சமுள்ள ஒழுங்கான அலையைப்போல் இரண்டு மடங்கு வாட்ஸைக் கொண்டுபோகும். பெரிய ஸ்பீக்கர்தானே, சின்ன அம்ப் என்ன செய்யப் போகிறது என்று வொலியூமை முழுக்கத் திருப்பி வைப்பவர்களின் ட்வீட்டர் போவது இதனால்தான்.

காசு குறைவென்றால் எதில் தொடங்குவது

என் அபிப்பிராயம் தெளிவானது: அம்ப் கடைசி. முதலில் ஸ்பீக்கரும் பொக்ஸும்.

ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்தும், அதே கணத்தில் பின்பக்கம் தளரும். பொக்ஸ் இல்லாவிட்டால் இரண்டும் ஓரத்தால் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடும், முக்கியமாகத் தாழ்ந்த ஓசை. எட்டு இஞ்சி ஸ்பீக்கரை மேசையில் வெறுமனே வைத்துப் பாட்டுப் போட்டால் தகரச் சத்தம் வருவது அதனால்தான். பொக்ஸின் வேலை பின்னாலுள்ளதை அடைத்து வைப்பது. ஆகவே காற்று கசியவே கூடாது. மூட்டுகளில் பசையை நிறையப் போடுங்கள். வயர் வெளியே வரும் துளையை மறக்காமல் அடையுங்கள். முக்கால் இஞ்சி பிளைவூட் நல்லது. மெல்லிய பலகை என்றால் பலகையும் சேர்ந்து பாடும்.

பழைய செட் பொக்ஸ் வாங்கினால் முன் துணியைக் கழற்றி கோனின் ஓரத்தில் இருக்கும் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பழைய ஸ்பீக்கர்கள் பலவற்றில் அது ஃபோம். நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அது கறுத்து, தொட்டவுடன் பொடியாக உதிரும். வளையத்தை மட்டும் றப்பரில் மாற்றலாம், ஸ்பீக்கரைத் தூக்கிப்போடத் தேவையில்லை. கல்லடி, திருக்கோவில், பாசிக்குடா போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் வயர் பூட்டும் முனைகளையும் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கும், அங்கே சத்தம் விட்டுவிட்டு வரும். சுரண்டிச் சுத்தமாக்கிச் சோல்டர் போட்டால் சரி. அதன் பிறகும் சத்தம் போதாவிட்டால் அம்ப்பைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் வீட்டுக்கு எத்தனை வாட்ஸ்: அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண மல்டிமீற்றர் போதும். போனில் 100 ஹேர்ட்ஸ் முழு அளவு டோன் ஒன்றை, அதாவது பதிவில் வைக்கக்கூடிய உச்ச அளவில் ஓடும் சீரான ஓசையை, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போனின் இக்குவலைசரை நிறுத்துங்கள். நீங்கள் ஆசையாகக் கேட்கும் பாட்டைப் போட்டு, இதற்கு மேல் வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு வொலியூமைக் கூட்டுங்கள். இனி அம்ப்பிலும் சரி, போனிலும் சரி, வொலியூமைத் தொடக் கூடாது. பாட்டை நிறுத்தி, அம்ப்பை ஓஃப் பண்ணி, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். கழற்றாமல் டோனைப் போட்டால் காதும் போகும், ஸ்பீக்கரும் போகும். பழைய கண்ணாடி வால்வு அம்ப் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யவே வேண்டாம், ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் அதன் ட்ரான்ஸ்போமர் பழுதாகலாம்.

அம்ப்பைத் திரும்பப் போட்டு, டோனை ஓடவிட்டு, மீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு பக்க ஸ்பீக்கர் முனைகள் இரண்டுக்கும் குறுக்கே பிடியுங்கள். வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட்ஸ். மீற்றர் 4 வோல்ட் காட்டி, ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் 4 தர 4 வகுத்தல் 8, இரண்டு வாட்ஸ். இப்போதைய பதிவுகள் பெரும்பாலும் முழு அளவைத் தொடுவதால், மத்தளத்தின் அந்த ஓங்கிய அடிக்குக்கூட உங்கள் ஸ்பீக்கர் கேட்பது ஏறத்தாழ அவ்வளவுதான். அப்படி வந்தவர்களுக்கு 12-0-12இல் ஓடும் 10 வாட்ஸ் அம்ப் தாராளம். 9 வோல்ட் வந்தால் 10 வாட்ஸ் ஆகிவிட்டது, 18-0-18க்குப் போங்கள்.

எண்ணைக் குறித்த பிறகு வொலியூமைக் கொஞ்சம் கூட்டியும் மீற்றரில் எண் ஏற மறுத்தால் அம்ப் ஏற்கெனவே கிளிப்பிங்கில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணை நம்பாதீர்கள், வொலியூமைக் குறைத்து முதலில் இருந்து அளந்து பாருங்கள். முடிந்ததும் டோனை நிறுத்தி, அம்ப்பை ஓஃப் பண்ணிய பிறகே ஸ்பீக்கர் வயர்களைத் திரும்பப் பூட்டுங்கள்.